விஷ்ணுகிராந்தியை ஹெர்பேரியம் தாளில் ஏற்றுவது எப்படி?

மழை ஓய்ந்ததும் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண் பொட்டல்களில் தரையோடு தரையாக நீலப் பூக்கள் தெரியும். அதுதான் விஷ்ணுகிராந்தி, எவோல்வுலஸ் அல்சினாய்டிஸ். இந்தப் பேரினத்தில் சுமார் 100 இனங்கள் இருந்தாலும் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்தவை. நம் பக்கம் குழப்பக்கூடியது எவோல்வுலஸ் நம்முலேரியஸ் என்ற வந்தேறி ஒன்றுதான். அதனால் ஹெர்பேரியம், அதாவது செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டி லேபிளோடு பாதுகாக்கும் தொகுப்பு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இந்தச் செடியைத்தான் சொல்வேன்.

காலையிலேயே போய்விடுங்கள்; உச்சிவெயிலில் பூ மூடிக்கொள்ளும். செடி நிறைய இருக்கும் இடத்தில் மட்டும், வேரோடு ஒன்றிரண்டு போதும். தனியார் நிலமென்றால் உரியவரிடம் கேளுங்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். கோயில்காட்டில் கை வைக்கவே வேண்டாம்.

பறிக்கும் முன் நோட்டை எடுங்கள். முதலில் எழுத வேண்டியது பூவின் நிறம். காய்ந்தபின் நீலம் வெளிறிவிடும், நம்முலேரியஸின் பூவோ வெள்ளை. தாளைப் பிற்காலத்தில் பார்ப்பவருக்கு உங்கள் குறிப்பைத் தவிர நிறத்துக்கு வேறு சாட்சி கிடையாது. அப்புறம் கைலென்ஸில் பாருங்கள்: பூவின் நடுவே சூலகத்திலிருந்து நீளும் மெல்லிய சூலகத்தண்டு இரண்டு, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நான்கு நுனிகளாக நிற்கும். நீளவாக்கு இலையில் பட்டுப்போல் ரோமம், நூல் மாதிரிக் காம்பில் பூ என்றால் அல்சினாய்டிஸ். வட்ட இலையோடு, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்தால் நம்முலேரியஸ்.

செடியைச் செய்தித்தாளுக்குள் விரித்து, ஓர் இலையின் அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். மேலே பலகை, அதன்மேல் நாலைந்து ஆத்தங்குடிக் கல். முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மொடமொடவென்று காய்ந்ததும் சுமார் 29 × 42 செ.மீ. கெட்டித்தாளில் ஒட்டலாம்.

சரி, இனி லேபிள். செடி அழகாகக் காய்ந்திருந்தாலும் லேபிள் சரியில்லாவிட்டால் அந்தத் தாளை வைத்து ஆய்வுக்கு எதுவும் செய்ய முடியாது. அறிவியல் பெயர், உள்ளூர்ப் பெயர், தேதி, சேகரித்தவர், சேகரிப்பு எண் (சேகரித்தவர் தன் சேகரிப்புகளுக்கு வரிசையாகப் போடும் எண்), மண், சுற்றியுள்ள செடிகள் எல்லாம் வேண்டும். இடம் என்று வெறுமனே ‘செட்டிநாடு’ என எழுதாதீர்கள். அது சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. ஊர், கண்மாய் அல்லது ஊருணியின் பெயர், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், ஜிபிஎஸ் எண் என்று எழுதுங்கள்.

பழைய தாள்களோடு ஒப்பிட, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியமும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமும் இருக்கின்றன. இணையத்தில், உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் தொகுக்கும் ஜிபிஃப் (GBIF) தளத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய லேபிளில் ‘ராம்நாடு’ என்றிருந்தால் இன்றைய ராமநாதபுரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவகங்கை 1985 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ‘புதுக்கோட்டை சமஸ்தானம்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1948க்கு முந்தைய தாள்.

பழைய தாள்களின் விவரங்களைப் பட்டியலிடும்போது, பாகை (°), கலையில் (′) உள்ள இடத்தைத் தசமத்துக்கு மாற்ற, கலையை 60ஆல் வகுங்கள்: 10° 4′ என்பது 10.067. லேபிளில் ‘காரைக்குடி அருகே’ என்று மட்டும் இருந்தால் ஊரின் நடுப்புள்ளியைத் துல்லியமான இடமாகப் போடாமல், எத்தனை கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதையும் தனிக் கட்டத்தில் குறியுங்கள். ஒரே சேகரிப்பின் பிரதிகள் பல ஹெர்பேரியங்களில் இருக்கும். சேகரித்தவர், எண், தேதி மூன்றும் ஒத்துப்போனால் எண்ணும்போது அவற்றை ஒரே சேகரிப்பாகக் கொள்ளுங்கள்.