தகரக் கூரைக்குக் கீழே ஃப்ளாஷ்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அக்கா மகளுக்குச் சடங்கு. படம் எடுக்கப் போனேன். ஃப்ளாஷை நேரே அடித்தேன்; முகத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெளுப்பு, பின்னால் கறுப்பு நிழல். சரி என்று கூரைப் பக்கம் திருப்பினால், புகை படிந்த தகரம் வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. பச்சைச் சுவரில் அடித்தால் பிள்ளையின் கன்னமும் பச்சை.

நல்லவேளை, வாங்கும்போதே தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்பும் ஃப்ளாஷாகப் பார்த்து எடுத்திருந்தேன். வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் அக்காவிடம் வெள்ளை வேட்டி ஒன்று வாங்கிப் பக்கச் சுவரில் ஆணியடித்துக் கட்டினேன். ஃப்ளாஷ் தலை வேட்டியைப் பார்த்து. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி. ஷட்டர் வேகத்தைக் குறைத்ததால் குண்டு பல்பின் மஞ்சளும் படத்துக்குள் வந்தது. கன்னத்தில் மெல்லிய நிழல், மூக்குத்தியில் ஒரு சின்ன மினுக்கம்.