ஹிப்னோசிஸ் செய்து சிகரட்ட விடலாமோ, வண்டிய (வயித்த) குறைக்கலாமோ? வீட்டில செய்யிற முறை

ஒராள் கண்ண மூடச் சொல்லி மூண்டு எண்ணினவுடன சிகரட் ஆசை பறந்திடும் எண்டு நினைச்சு இதை வாசிக்க வந்திருந்தா கொஞ்சம் பொறுங்கோ. நானும் உப்பிடி நினைச்சுத்தான் யாழ்ப்பாணத்தில ஒரு மண்டபத்தில நடந்த குறூப் ஹிப்னோசிஸுக்கு காசு கட்டிப் போனனான். பிளாஸ்டிக் கதிரையில அறுபது எழுபது பேர், ஸ்பீக்கரில புல்லாங்குழல், மேடையில ஒருத்தர் மைக்கப் பிடிச்சுக்கொண்டு "இனி நீங்கள் புகைக்க மாட்டீர்கள்" எண்டு பத்துத் தரம். எனக்குப் பின்னால இருந்தவர் குறட்டையே விட்டிட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஒன்பது நாள் நான் ஒண்டும் பத்தேல்ல.

பத்தாம் நாள் ஊரில ஒரு செத்தவீடு. பந்தலுக்க தட்டம் சுத்தி வருது, ஒரு பக்கம் வெத்திலை பாக்கு, மற்றப் பக்கம் சுருட்டும் பீடியும், நடுவில நெருப்புப்பெட்டி. பக்கத்தில இருந்த மாமா ஒண்ட எடுத்திட்டு தட்டத்த என்ர பக்கம் தள்ளினார், நானும் எடுத்தன். யோசிக்கக்கூட இல்லை. பாதி பத்தினாப் பிறகுதான் அட கோதாரி எண்டு இருந்தது.

பேந்து யோசிச்சுப் பாத்தா, அந்த மண்டபத்தில ஒருத்தரும் என்னட்ட நீ எங்க, யாரோட, எந்த நேரம் பத்துறனி எண்டு கேக்கவே இல்லை. எழுபது பேருக்கும் ஒரே வசனம். என்ர பிரச்சினை அந்தத் தட்டம், அதப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதால நான் இப்ப சொல்லப்போற முறையில முக்கியமான விசயம் இதுதான், உங்கட தட்டம் எது எண்டு நீங்களே கண்டுபிடிச்சு அதுக்குத்தான் ஒத்திகை பாக்கவேணும்.

முதல்ல உது எவ்வளவு வேலை செய்யும் எண்டதச் சொல்லிப்போடுறன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. மருத்துவ ஆய்வுகளச் சேத்து வச்சுப் பாக்கிற கொக்ரேன் எண்ட அமைப்பு 2019 இல 14 ஆய்வுகள், 1926 பேர் எண்டு அலசிப் பாத்தது. மற்ற கவுன்சிலிங் முறையள விடவோ, ஒரு உதவியும் இல்லாம தானா விடுறத விடவோ ஹிப்னோசிஸ் திறம் எண்டு சொல்ற அளவுக்கு ஆதாரம் காணாது எண்டுதான் முடிவு. அதுக்காக சுத்தப் பொய் எண்டும் இல்லை. அமெரிக்காவில ஹேர்பேர்ட் ஸ்பீகல் எண்ட மனநல டொக்டர் ஒரே ஒரு தரம் ஆளைக் கூப்பிட்டு சுயமா செய்யப் பழக்கி அனுப்புற முறை ஒண்டு வச்சிருந்தவர், 1993 இல வந்த கணக்கில 226 பேரில ஒரு கிழமைக்குப் பிறகு 52 வீதம் ஆக்கள் விட்டிருந்தவை, ரெண்டு வருசத்தில அது 23 வீதமாப் போட்டுது. அதாவது நாலு பேருக்கு ஒராள் கூட இல்லை. ஆனா அந்த ஒராள் நீங்களா இருந்தா நல்லதுதானே.

வண்டி விசயம் இன்னும் பகிடி. 1995 இல ஒரு ஆய்வு, உணவுப் பழக்கத்த மாத்துற சிகிச்சையோட ஹிப்னோசிஸும் சேந்தா பலன் பெருசாக் கூடும் எண்டு சொல்ல எல்லாரும் தூக்கிப் பிடிச்சினம், அடுத்த வருசமே வேற ரெண்டு பேர் கணக்கத் திருப்பிப் பாத்தா பிழையள், திருத்தினா பலன் சின்னனாப் போச்சு. 1998 இல இங்கிலாந்தில நித்திரையில மூச்சு நிக்கிற வருத்தம் உள்ள 60 குண்டான ஆக்கள வச்சுப் பாத்ததில, மன அழுத்தத்தக் குறைக்கிற மாதிரி ஹிப்னோசிஸ் செய்த ஆக்கள் மட்டும் 18 மாதம் கழிச்சும் சராசரி 3.8 கிலோ குறைஞ்சிருந்தவை. ஒண்டரை வருசத்துக்கு நாலு கிலோ கூட இல்லை. "முப்பது நாளில பதினைஞ்சு கிலோ" எண்டு விளம்பரம் போட்டு காசு கேக்கிற ஆக்களிட்ட இந்தக் கணக்கச் சொல்லிப் பாருங்கோ, போன வைச்சிடுவினம்.

சரி, செய்யிற முறைக்கு வருவம். மூண்டு நாள் ஒண்டையும் விடவேண்டாம், பத்துங்கோ, ஆனா ஒவ்வொரு தரமும் போனில நேரம், இடம், ஆர் பக்கத்தில, அதுக்கு முன்னம் என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. என்ர லிஸ்ட்டில ஒரு நாளைக்கு எட்டு சிகரட்டில நாலு பிளேன்ரீயோட, ரெண்டு பெடியளோட சந்தியில நிக்கேக்க, மிச்சம் ரெண்டும் எதுக்கெண்டே தெரியேல்ல. அந்த நாலு பிளேன்ரீதான் என்ர முதல் எதிரி எண்டு அப்பதான் விளங்கினது.

பேந்து உங்கட பேச்ச எழுதவேணும். யூடியூப்பில கிடக்கிற இங்கிலீஸ் ஓடியோவையோ செந்தமிழில பேசுறதையோ போட்டுக் கேக்காதேங்கோ. நீங்கள் வீட்டில கதைக்கிற மாதிரி எழுதி உங்கட குரலிலயே போனில ரெக்கோட் பண்ணுங்கோ, முதல் தரம் கேக்க வெக்கமாத்தான் இருக்கும். அடித்தளத்துக்கு ஸ்பீகலின்ர மூண்டு கருத்தயும் எடுக்கலாம்: உடம்புக்கு சிகரட் நஞ்சு, நான் உயிரோட இருக்க இந்த உடம்பு வேணும், அதால இதை மதிச்சுக் காப்பாத்துவன். அதுக்கு மேல உங்கட காட்சி. நான் எழுதினது: "தட்டம் வருது. மாமா நீட்டுறார். சுருட்டு மணக்குது. நான் ஒரு பாக்குத் துண்ட எடுக்கிறன், தட்டத்த மற்றாளுக்குக் குடுக்கிறன், என்ர கை பாரமில்லாம மடியில கிடக்குது." கவனியுங்கோ, "பத்தமாட்டன், பத்தமாட்டன்" எண்டு எழுதேல்ல. கை என்ன செய்யும் எண்டு எழுதினது. வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல மனம் அதையே சுத்திக்கொண்டு நிக்கும்.

இப்ப படுக்காம கதிரையில சாஞ்சு இருங்கோ, படுத்தா நித்திரைதான். சுவரில கண்ணுக்குக் கொஞ்சம் மேல ஒரு புள்ளியப் பாருங்கோ, கண் களைச்சு மூடும் வரைக்கும். இந்த முறை பழசு, ஜேம்ஸ் பிரெய்ட் எண்ட ஸ்கொட்லாந்து டொக்டர் 1840களிலயே ஒரு பொருள உத்துப் பாக்க வச்சுத்தான் ஆக்கள மயக்க நிலைக்குக் கொண்டுபோனவர், ஹிப்னோட்டிசம் எண்ட பேர் பரவினதும் அவராலதான். மூச்ச நாலு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கோ. பத்துத் தரம். பிறகு படியிறங்கிறதா நினைக்கவேணும், புத்தகங்களில மாளிகைப் படி, லிஃப்ட் எண்டெல்லாம் போட்டிருக்கும், எனக்கு அது பிடிபடேல்ல. நான் கீரிமலைக் கேணிப் படியில இறங்கிறன். முதல் படியில கால் காயுது, மூண்டாவதில தண்ணி கணுக்காலில, குளிர்மை ஏறுது, அங்கால மதிலுக்கு வெளிய கடல் இரையுது, பத்தாவதில கழுத்துமட்டும் தண்ணி, உடம்பு பாரமில்லை. சின்னனில அப்பாவோட போன இடம் எண்டபடியா உடன வரும். நீங்களும் உங்கட உடம்புக்குத் தெரிஞ்ச ஒரு இடத்த எடுங்கோ. அங்க நிண்டுகொண்டு ரெக்கோட்டிங்கக் கேளுங்கோ, முடியேக்க பத்தில இருந்து ஒண்டுக்கு எண்ணி மேல ஏறி கண்ண முழியுங்கோ. எல்லாம் பன்ரண்டு நிமிசம். ஒரு நாளைக்கு ரெண்டு தரம், விடுற நாளுக்கு ஒரு கிழமை முன்னமே தொடங்கவேணும். மோட்டச்சைக்கிள் ஓடேக்க இயர்போனில போடுறேல்ல, அத சொல்லத் தேவையில்லை, ஆனா ஒருத்தன் செய்தவன்.

எனக்கு மயக்கமே வரேல்ல, எல்லாம் கேக்குது எண்டு கனபேர் பயப்பிடுவினம். கேக்கத்தான் வேணும். உது மயக்க மருந்து இல்லை, கவனம் ஒரு இடத்தில குவியிறதுதான். ஆழமாப் போற தன்மை ஆளுக்கு ஆள் வித்தியாசம், மிச்சம் லேசாப் போற ஆக்கள் பத்துக்கு ஒண்டு ரெண்டு பேர்தான். எங்கட பக்கத்தில வேலை செய்த மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் செபமாலை, மந்திரம் சொல்றது, திக்ர், மூச்சக் கவனிக்கிறது எண்டு ஒவ்வொரு சமயத்திலயும் இருக்கிற பழைய முறையளயே மனதத் தளத்தப் பாவிக்கலாம் எண்டு எழுதியிருக்கிறார். அதால படி எண்ணுறது ஒத்துவராட்டி விரலில தேவாரத்த எண்ணிச் சொல்லிப்போட்டு ரெக்கோட்டிங்கக் கேளுங்கோ, ஒரு குறையும் வராது.

ஆனா உத மட்டும் நம்பி இறங்காதேங்கோ. நிக்கொட்டின் ஆசை முதல் மூண்டு நாளும்தான் உச்சத்தில நிக்கும், ரெண்டு நாலு கிழமையில அடங்கும், ஒவ்வொரு அலையும் சில நிமிசம்தான். நிக்கொட்டின் சூயிங்கம், பிளாஸ்டர் மாதிரியான சாமான் விடுற வாய்ப்ப ஒண்டரை மடங்கு கூட்டும் எண்டதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, ஹிப்னோசிஸுக்கு அப்பிடி இல்லை. காலமை எழும்பி அரை மணித்தியாலத்துக்குள்ள முதல் சிகரட் பத்துற ஆள் எண்டா 4 மில்லிகிராம் சூயிங்கம், இல்லாட்டி 2. சும்மா ரொபி சப்புற மாதிரி சப்பக்கூடாது, உறைக்கத் தொடங்க கன்னத்தில ஒதுக்கி வைக்கவேணும், ரீ குடிச்சு கால் மணித்தியாலம் கழிச்சுத்தான் போடவேணும். டொக்டரிட்ட கேட்டு எடுங்கோ. வேற ஆக்களுக்குக் கேக்காத குரல் கேக்கிற மாதிரியான மனநோய் இருக்கிற ஆக்கள் ஹிப்னோசிஸ் பக்கமே போகக்கூடாது, நேர யாழ் போதனா வைத்தியசாலை மனநலப் பகுதிக்குப் போங்கோ.

இனி வண்டி. சிகரட்ட விட்டா முதல் வருசத்தில சராசரி நாலஞ்சு கிலோ ஏறும், எனக்கு ஆறு ஏறினது. உதுக்குப் பயந்து திரும்பப் பத்தத் தொடங்கின ஆக்கள எனக்குத் தெரியும், அது விசர் வேலை. எங்கட ஆக்களுக்கு இடுப்பு ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80, அதுக்கு மேல போனா சீனி வருத்தத்துக்குக் கிட்டப் போறம். இங்கயும் அதே ஒத்திகைதான், காட்சி மட்டும் மாறும். என்ர பிழை எங்க எண்டு எழுதிப் பாத்தா திரும்பவும் பிளேன்ரீ. ஆறு கப், கப்புக்கு ரெண்டு கரண்டி சீனி, பன்ரண்டு கரண்டி, கிட்டத்தட்ட 200 கலோரி சும்மா போகுது. மற்றது இரவு கொத்துரொட்டி. "மெலியிறன், மெலியிறன்" எண்ட ரெக்கோட்டிங்கால ஒரு கிராமும் குறையேல்ல. "மனிசி புட்டு வைக்கிறா, நான் ஒருக்காத்தான் போடுறன், கறிய முதல் சாப்பிடுறன், கோப்பை அரைவாசி ஆக கைய எடுத்து தண்ணி குடிக்கிறன்" எண்டு மாத்தினாப் பிறகுதான் வித்தியாசம். மெதுவாத்தான், எட்டு மாதத்தில நாலு கிலோ. அதில எவ்வளவு ஹிப்னோசிஸ், எவ்வளவு பின்னேரத்தில நடந்தது எண்டு என்னால பிரிச்சுச் சொல்லேலாது.

ஆரிட்டயும் காசு குடுத்துச் செய்யிறதெண்டா அவர் பதிவு செய்த டொக்டரோ, மனநலம் படிச்ச ஆளோ எண்டு கேளுங்கோ, முதல் சந்திப்பில உங்கள அரை மணித்தியாலமாவது கதைக்க விடுறாரோ எண்டு பாருங்கோ. கதைக்க விடாம கதிரையச் சாய்ச்சா எழும்பி வாங்கோ.

போன மாதம் மாமியின்ர வீட்டில அந்தியேட்டி, செத்தவைக்குச் செய்யிற சடங்கு. தட்டம் வந்தது. பாக்க எடுத்தன், கை கொஞ்சம் நடுங்கினதுதான். மாமா "என்னடா, விட்டிட்டியோ" எண்டு கேட்டார், ஓம் எண்டன், "எனக்கும் அந்த ரெக்கோட்டிங்க போனில அனுப்பி விடு" எண்டார். அவருக்கு என்ர குரல் சரிவராது, அவர் தன்ர குரலில செய்யவேணும் எண்டு சொல்லி ஒரு ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறன், இன்னும் வரேல்ல.