வீடியோ எடிட்டிங் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மெமரி கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்

சேலத்தில் இப்போது தெருவுக்கு ஒருவராவது எடிட்டிங் பழகிக்கொண்டிருக்கிறார்கள். போனில் கைன்மாஸ்டர், லேப்டாப்பில் ஃபில்மோரா, கொஞ்சம் கை தேறியதும் பிரீமியர் புரோ அல்லது டாவின்சி ரிசால்வ். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில் என்பதால் சந்தேகம் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். பழகிய காலத்தில் நான் திணறிய அதே இடங்களில்தான் இவர்களும் திணறுகிறார்கள்.

எஃபெக்ட்டை அள்ளிக் கொட்டுவது, ஸ்லோ மோஷனை விடாமல் போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நாலு வீடியோ செய்தால் அவை தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாத தவறுகள் சில இருக்கின்றன. அதில் ஒன்று எடுத்த வீடியோவையே காவு வாங்கிவிடும். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இல்லை

கன்னங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். நண்பனின் கல்யாணத்துக்கு முன் ஜோடியை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் வீடியோ எடுத்திருக்கிறான். விடியற்காலையிலேயே மலையேறி, பகோடா பாயிண்ட்டில் பனி விலகும் நேரத்தைப் பிடித்து, அப்புறம் ஏரிக்கரை, காபித் தோட்டம், இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகள். வாடகைக் கேமரா, வாடகை லென்ஸ், கார்டும் கேமராவோடு வந்ததுதான். இறங்கி வந்ததும் கார்டை லேப்டாப்பில் சொருகி, கிளிப்பையெல்லாம் அப்படியே டைம்லைனுக்கு (கிளிப்களை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டைக்கு) இழுத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டியிருக்கிறான். காலையில் புராஜெக்ட்டை சேவ் செய்துவிட்டு, கேமராவையும் கார்டையும் கடையில் ஒப்படைத்துவிட்டான்.

"அண்ணா, எல்லாம் செவப்பா வருதுங்க. சேவ் பண்ணித்தான் வச்சேன்" என்றான். திறந்து பார்த்தேன். டைம்லைனில் ஒவ்வொரு வெட்டும் வைத்த இடத்தில் இருந்தது. கிளிப் பெயர்கள் இருந்தன. பாட்டின் தாளத்துக்கு அவன் போட்ட கட் எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தன. படம் வர வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்புத் திரையில் 'மீடியா ஆஃப்லைன்'. கடைக்குப் போன் செய்தோம். கார்டை ஃபார்மட் செய்து, அதே கேமராவை வேறொரு விசேஷத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, திரும்பி வந்த கார்டைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை. அந்தப் பனியையும் வெளிச்சத்தையும் இனி யார் போய் எடுப்பது? கல்யாணமும் முடிந்துவிட்டது.

புராஜெக்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து அதன் அளவைப் பாருங்கள். சில எம்பிதான் இருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேர வீடியோவுக்கு 45 ஜிபி ஆகும். 45 ஜிபி எப்படிச் சில எம்பிக்குள் அடங்கும்? அந்த ஃபைலில் இருப்பது வெறும் குறிப்புதான். இன்ன டிரைவில், இன்ன ஃபோல்டரில் உள்ள இன்ன கிளிப்பை இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை காட்டு என்று மட்டும் எழுதி வைத்திருக்கும். இம்போர்ட் என்ற பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. உள்ளே எதுவும் வருவதில்லை. ரிசால்வ் தன் புராஜெக்ட்டை ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது, ஆனால் வீடியோ அதிலும் கிடையாது.

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. ஃபிலிம் காலத்தில் எடிட்டர் நெகட்டிவை, அதாவது கேமராவில் ஓடிய அசல் ஃபிலிமை, தொடவே மாட்டார். அதிலிருந்து போட்ட ரஷ் பிரிண்ட்டைத்தான் வெட்டி ஒட்டுவார். கடைசியில் ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்த்து நெகட்டிவை அதற்கேற்ப வெட்டுவார்கள். உங்கள் கார்டில் இருக்கும் கிளிப்தான் அந்த நெகட்டிவ். டைம்லைனில் நீங்கள் செய்வதெல்லாம் ஓர எண்ணைக் குறித்துவைக்கும் வேலை. நெகட்டிவ் போய்விட்டால் குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் சாஃப்ட்வேரைத் திறக்கும் முன்பே காப்பி வேலையை முடித்துவிடுங்கள். விசேஷத்தின் தேதியும் பெயரும் போட்டு ஒரு ஃபோல்டர். அதற்குள் கேமரா ஒன்று, கேமரா இரண்டு, டிரோன், போன், ஆடியோ என்று தனித்தனி ஃபோல்டர்கள். கார்டில் இருப்பதை முழுசாக, ஃபோல்டர் அமைப்பு மாறாமல் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் பிராப்பர்டீஸ் திறந்து ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கிளிப் நாலைந்தைத் திறந்து கடைசி நொடி வரை ஓடுகிறதா என்றும் பாருங்கள். காப்பி பாதியில் அறுந்திருந்தால் பெரும்பாலும் கிளிப்பின் கடைசியில்தான் தெரியும். பிறகு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது காப்பி. இவ்வளவும் ஆன பிறகுதான் இம்போர்ட். கார்டை ஃபார்மட் செய்வது இரண்டு காப்பியும் சரிபார்த்த பிறகு, அதுவும் கேமராவில் வைத்து.

கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. சோனி கேமராவில் கிளிப் பெயர்கள் சி0001, சி0002 என்று போகும். முகூர்த்தத்தில் இரண்டு சோனி ஓடினால் இரண்டிலும் ஒரு சி0001 இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ஏற்கெனவே இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, ரிப்ளேஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்துகிறார்கள். முதல் கேமரா எடுத்த தாலி கட்டும் காட்சி மேல் இரண்டாவது கேமராவின் பந்திக் காட்சி ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெயரை மட்டும் பார்த்து ரீலிங்க் செய்தாலும், அதாவது காணாமல் போன கிளிப்பின் இடத்தை மறுபடி காட்டினாலும், இதே குழப்பம்தான். மணமேடை வர வேண்டிய இடத்தில் வாசல் வரவேற்பு ஓடும்.

சில நேரம் சிவப்புத் திரை வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. நேற்று இ டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க் இன்று எஃப் டிரைவாக மாறியிருக்கும், அல்லது நீங்களே ஃபோல்டருக்குப் பெயர் மாற்றியிருப்பீர்கள். கிளிப் மேல் ரைட் கிளிக் செய்து புதிய இடத்தைக் காட்டினால் எல்லாம் வந்துவிடும். எடிட் பாதியில் இருக்கும்போது ஃபோல்டரை நகர்த்தாதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள்.

போனில் எடிட் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கைன்மாஸ்டர் போன்ற ஆப்கள் கேலரியில் உள்ள ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இடம் பற்றவில்லை என்று கேலரியைக் காலி செய்தாலோ, கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் பட்டனை அழுத்தினாலோ, பாதி எடிட் ஓட்டையாகிவிடும்.

கார்டு அழிந்துவிட்டால்

அந்த நொடியே கார்டை வெளியே எடுத்து வையுங்கள். அதில் புதிதாக ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது. சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலைத்தான் அழிக்கிறது, புதிதாக ஏதாவது மேலே ஏறும் வரை வீடியோ கீழே கிடக்கும். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர்களில் போட்டோரெக் இலவசம், ரெகுவாவிலும் முயன்று பார்க்கலாம். மீட்ட ஃபைலை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பெரிய வீடியோ துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் முழுசாக மீளாது. எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது இதைவிடக் கஷ்டம். அந்தப் பையன் விஷயத்தில் கார்டில் புதிய விசேஷமே ஏறிவிட்டதால் சில துண்டுகள்தான் கிடைத்தன.

லேப்டாப் திணறினால்

பிரிவியூ விட்டு விட்டு ஓடுகிறது என்று புது லேப்டாப் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அப்பா அம்மா கடன் வாங்கித் தருகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஃபில்மோரா, பிரீமியர், ரிசால்வ் மூன்றிலும் பிராக்ஸி என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கிளிப்புக்கும் எடை குறைந்த நகல் ஒன்றைத் தயாரித்து, எடிட் செய்யும்போது அதைக் காட்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது முடித்த வீடியோவைத் தனி ஃபைலாக வெளியே எடுக்கும்போது, அசலை எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பிலும் 4கே வேலை ஓடும். பிராக்ஸி தயாராக நேரம் எடுக்கும், அதனால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஃபிரேம் ரேட்

நம் ஊர் கல்யாணக் கேமராக்கள் வழக்கமாக நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் (படத்தில்) ஓடும். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு வைத்தால் மண்டப விளக்கு பெரும்பாலும் துடிக்காது. போன் வழக்கமாக 30 ஃபிரேம். இரண்டையும் கலக்கும் முன், டைம்லைன் எத்தனை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரிசால்வில் கிளிப்பை உள்ளே கொண்டுவந்த பிறகு புராஜெக்ட்டின் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது.

போன் வீடியோவில் இன்னொரு தொல்லையும் உண்டு. போன் சீரான ஃபிரேம் ரேட்டில் எடுப்பதில்லை, நொடிக்கு நொடி கொஞ்சம் கூடும் குறையும். வெளிச்சம் மங்கினால் சில போன்கள் தாமாகவே ஃபிரேமைக் குறைத்துவிடும். ஆரம்பத்தில் உதடும் பேச்சும் ஒத்துப்போகும், கடைசியில் பேச்சு ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் ஆகிவிடும். ஆடியோவை இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றி, அந்த ஃபைலை எடிட்டுக்கு எடுங்கள். அசல் அப்படியே இருக்கட்டும்.

டிரான்சிஷன்

நேர் வெட்டு போதும். காலம் மாறும் இடத்தில் மட்டும் ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் டிசால்வ்.

வாட்ஸ்அப்பில் வந்த கிளிப்

வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழில் பெயர் போடும்போது

மணமகள் பெயரில் ஒரு 'கோ' இருந்தால் போதும், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சாஃப்ட்வேருக்குத் தமிழ் வராது என்று நினைத்து ஆங்கிலத்தில் அடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். பிரீமியரில் பிரிஃபரன்சஸ் போய், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு புதிதாக ஒரு எழுத்துப் பெட்டி திறந்து, நோட்டோ சான்ஸ் தமிழ், லதா, நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருவில் அடியுங்கள். பத்திரிகை அடித்த கடையிலிருந்து பெயரை வாங்கி ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறதா? அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். ஒட்டியதை வீட்டாரிடம் ஒரு முறை காட்டுங்கள். கல்யாண வீடியோவில் பெயரே பிழையாக இருந்தால் அந்த வீட்டில் காலத்துக்கும் அது உறுத்தும்.

சத்தம்

மந்திரம் ஓதும்போது மெதுவாக இருக்கும் சத்தம், கெட்டிமேளம் என்றதும் ஒரேயடியாக எகிறும். ஆடியோ மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டுச் சிவப்பானால் அந்த இடம் கரகரப்பாகிவிடும். எடுக்கும்போதே அப்படி ஏறியிருந்தால் பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு முழுசாகப் போகாது. எடிட்டில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். பின்னணிப் பாட்டு பேச்சுக்குக் கீழே ஓடட்டும். முகூர்த்த நேரத்தில் பாட்டே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வீட்டுக்காரர்கள் பத்து வருடம் கழித்துக் கேட்க விரும்புவது பாட்டியின் குரலையும் நாதஸ்வரத்தையும்தான். சினிமாப் பாட்டு போட்ட வீடியோவை யூடியூபில் ஏற்றினால், அதன் காப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். அங்கே ஏற்றுவதற்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இசை எடுங்கள்.

எக்ஸ்போர்ட்

முதல் நாளே பத்து நொடி மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். ஃபில்மோராவின் இலவசப் பதிப்பு தன் முத்திரையைப் பதித்துத்தான் வெளியே விடும். அது கடைசி நாளில் தெரிந்தால் கஷ்டம். ரிசால்வின் இலவசப் பதிப்பில் முத்திரை இல்லாமல் 3840க்கு 2160 அளவு வரை எடுக்கலாம். ஆனால் காசு கட்டியவர்களுக்கான எஃபெக்ட் எதையாவது தொட்டால் அதுவும் முத்திரை போடும்.

பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவை, கடைசி வரை தள்ளிவிட்டால் தரம் கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். யூடியூபுக்கு 25 அல்லது 30 ஃபிரேமில் 1080பி ஏற்ற அந்த நிறுவனமே பரிந்துரைப்பது நொடிக்கு 8 மெகாபிட். வீட்டு டிவியில் பார்க்க 16 கொடுத்தால் தாராளம். அதில் ஒரு மணி நேரம் 7.2 ஜிபி வரும். அதைப் பென்டிரைவில் போடும்போதுதான் கடைசிச் சிக்கல். டிரைவில் 32 ஜிபி காலியாக இருக்கும், ஆனாலும் ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று காப்பி நின்றுவிடும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டிவிகளில் பல அதைப் படிக்காது. கொடுக்கப்போகும் வீட்டில் எந்த டிவி என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்து ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் வரும்படி எடுத்துக் கொடுங்கள்.