ரீடிங் ஆடுகிறதா? 20 மில்லிசெகண்ட் வைத்துப் பாருங்கள்

தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் சென்சார்), லோடு செல் (எடை அளக்கும் சென்சார்) ரீடிங் நிலையில்லாமல் ஆடினால், புது ஃபில்டர் கார்டு வாங்கும் முன் மீட்டரில் சராசரி எடுக்கும் நேரத்தை 20 மில்லிசெகண்டுக்கோ அதன் மடங்குக்கோ மாற்றிப் பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; ஒரு முழுச் சுற்றுக்குச் சரியாக 20 மில்லிசெகண்ட். அதற்குள் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் கரண்ட் இரைச்சல் அடங்கிவிடும். 100 மில்லிசெகண்ட் வைத்தால் 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்கும் பொருந்தும்; நான் அதையே வைப்பேன்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் ஷெட்டுகளில் டிரம் மோட்டாருக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்டிருந்தால் இது மட்டும் போதாது. விஎஃப்டியின் இரைச்சல் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் வரும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே ஆர்சி லோ-பாஸ் ஃபில்டர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து வேகமான இரைச்சலைத் தடுப்பது) வேண்டும். வைப்ரேஷன் அளக்கவும் இந்த வழி ஆகாது, வேண்டிய சிக்னலும் சேர்ந்து அழிந்துபோகும்.