பிறவியிலேயே கருவிழி மங்கல்: வீடுகளில் நடக்கும் தவறுகள்

பிறந்த குழந்தையின் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலம், சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால், "தீட்டு கழியட்டும், தொட்டில் போட்ட பிறகு காட்டலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. மங்கலைப் பிறகுகூடச் சரிசெய்யப் பார்க்கலாம். பார்க்கப் பழகும் மூளை அதுவரை காத்திருக்காது. முதல் இரண்டு மாதங்களில் உருவங்கள் உள்ளே போகாத கண், பின்னர் தெளிந்தாலும் சோம்பிப்போகும். அதுவும் ஒரு கண் மட்டும் மறைந்திருந்தால் நல்ல கண்ணே எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் மிஸியிடம் (தாதியிடம்) அன்றே காட்டி, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிவிடுங்கள். சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை.

இரண்டாவது தவறு கண் பட்டுவிடும் என்று பொட்டு வைக்கும் அளவுக்குப் பெரிய கண்களை ரசிப்பது. பிறந்த குழந்தையின் கருவிழி குறுக்காக ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு வயதுக்குள் 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிறவிக் கண் அழுத்த நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி சரியாக அமையாததால் அழுத்தம் ஏறுகிறது. பச்சிளங்குழந்தையின் கண்சுவர் இளசு, விரிந்துகொடுக்கிறது. விரியும்போது கருவிழியின் உட்படலம் கீறிவிடும், கீறல் வழியே நீர் புகுந்து கருவிழி மங்கும். அழுத்தம் ஏறாமலே பிறவியில் பெரிதாக அமைந்த கருவிழியும் உண்டு. எது எது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இதே நோயில் கண்ணீரும் வழியும். "கண்ணீர்க் குழாய் அடைப்பு, மூக்கோரம் நீவினால் போகும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடைப்பு என்றால் பீளை கட்டும். ஆனால் கருவிழி தெளிவாகவே இருக்கும், வெளிச்சத்துக்குக் கூச்சம் இருக்காது. வாசலுக்குத் தூக்கி வந்ததும் கண்ணை இறுக மூடி முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்ளும் குழந்தையை நீவிக்கொண்டிருக்காதீர்கள். பிறவிக் கண் அழுத்த நோய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. சொட்டு மருந்து அதுவரைக்குமான தாங்கல்.

தாய்ப்பால் பீச்சுவது, நந்தியாவட்டைச் சாறு விடுவது, இரண்டும் வேண்டாம். பிறவி மங்கல் இவற்றால் கரையாது, கிருமித் தொற்றுதான் சேரும். பாட்டியின் பழைய சொட்டு மருந்து இன்னும் மோசம்: அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தத்தைக் கூட்டும். கிரகணத்தைக் குற்றம் சொல்வதில் நாள் போவதுதான் மிச்சம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கருவிழிக் கோளாறும் அல்ல. மங்கல் முன்பக்கம் இல்லாமல் நடுவில் கண்மணிக்குள்ளிருந்து வெண்மை தெரிந்தால் புரையோ, விழித்திரைப் புற்றுநோயோ இருக்கலாம். அதற்கும் அதே அவசரம். கருவிழி ஓரத்தில் வெளிர்மஞ்சள் கட்டி இருந்தால் காதருகே சதைத்துணுக்கு இருக்கிறதா என்றும் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

சிறு குழந்தையின் கண்ணைச் சரியாக அளக்க மயக்க மருந்து தேவைப்படலாம். கிளம்பும்போது "ஒரு வாய்தானே" என்று பால் கொடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனையே தள்ளிப்போகும். தாய்ப்பாலுக்குப் பொதுவாக 4 மணி நேரம், பால்மாவுக்கு 6 மணி நேரம் இடைவெளி. ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே முடிவு.

கருவிழி மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. கைக்குழந்தைகளின் உடல் மாற்றுக் கருவிழியைப் பெரியவர்களைவிட அதிகமாக நிராகரிக்கும். தையல் சீக்கிரம் தளரும். தளர்ந்த தையல் வழியே கிருமி நுழையும். மாற்றிய கண் சிவந்தாலோ மங்கினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள், அடுத்தடுத்து விட்டால் முதலாவது வழிந்துவிடும். சோம்பிய கண்ணைப் பழக்க நல்ல கண்ணை ஒட்டி மறைக்கச் சொன்னால், குழந்தை அழுகிறதே என்று பிய்த்துவிடாதீர்கள். நேரத்தைக் குறைப்பதானாலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்தவர்கள் அதை மறைக்க வேண்டாம். இரு கண்ணும் ஒன்றுபோல் நீலம் கலந்த சாம்பலாக மங்கும் ஒரு பரம்பரை வகையில், ஒவ்வொரு பிரசவத்திலும் அது திரும்ப வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தை பிறந்தால், முதல் குழந்தையின் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு முதல் வாரத்திலேயே அதன் கண்ணையும் காட்டுங்கள்.