பழைய மண்டபத்தில் இசை அஞ்சலி நடத்துவது எப்படி? முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல்லில் நிற்கிற விக்டோரியா பொது அரங்கம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. மாநகராட்சி அதைப் புதுப்பித்து மறுபடி திறந்தாகிவிட்டது. அங்கே ஒரு இசை அஞ்சலி வைக்கலாமா என்று யோசிக்கிற சின்னக் குழுக்களுக்காக இந்த விளக்கம். கல்லூரி இசை மன்றமோ, குடியிருப்போர் சங்கமோ, ஒரு பாடகரின் ரசிகர் வட்டமோ, யாராக இருந்தாலும் சரி. எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி வேறு பழைய அரங்கம் கிடைத்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இப்போது கட்டிய ஏசி ஹால் என்றால் நிகழ்ச்சியை முடிவு பண்ணிவிட்டு ஹால் தேடலாம். பழைய கட்டடத்தில் அந்த வரிசை சரிவராது. அங்கே எது காதுக்கு நன்றாகக் கேட்கும், கட்டடம் எதைத் தாங்கும் என்று பார்த்த பிறகுதான் யாருக்கு அஞ்சலி, எத்தனை வாத்தியம் என்பதற்கே வர வேண்டும். டிரம்ஸ், பேஸ் கிட்டார் சகிதம் முழு மெல்லிசைக் குழுவை இறக்க ஆசையா? அதற்குத் தேனாம்பேட்டை காமராஜர் அரங்கம் இருக்கிறது. பழைய மண்டபத்தை விட்டுவிடுங்கள்.

முதல் வேலை: ஹாலைக் காதால் பார்ப்பது

புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போங்கள். நிகழ்ச்சி எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில், அதாவது மாலை ஆறரைக்குப் போக வேண்டும். காலையில் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பக்கத்திலேயே ரயில் தண்டவாளம், முன்னால் பெரியார் சாலை. மாலை நேரத்து ஹாரனும் பஸ் சத்தமும் உள்ளே எவ்வளவு வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நிம்மதி. ஒரு தட்டலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தட்டல் வால் மாதிரி தொடர்ந்தால், வேகமான தாளமும் கனமான பேஸும் அங்கே குழம்பிப்போகும். அடுத்து ஒரு நண்பரை மேடையில் நிற்கவைத்து, தினத்தந்தியில் ஏதாவது ஒரு செய்தியை மைக் இல்லாமல் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். வார்த்தை புரிகிறதா, வெறும் முழக்கம்தான் வருகிறதா என்று கேளுங்கள். அப்படியே இரண்டு ஓரங்களிலும், பால்கனி இருந்தால் அதற்குக் கீழும் உட்கார்ந்து பாருங்கள். பால்கனிக்கு அடியில் சத்தம் பெரும்பாலும் அமுங்கித்தான் கேட்கும். காலி ஹாலில் எதிரொலி அதிகமாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் உடம்பும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடும், நிலைமை கொஞ்சம் தேறும்.

யாருக்கு அஞ்சலி?

இந்த அரங்கத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகும். விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி எழுந்த கட்டடம் இது. வரைந்தவர் ராபர்ட் சிஸம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1891-ல் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடமும் இதுதான். 1897-ல் விவேகானந்தர் இங்கே பேசினார். சென்னைக்காரர்கள் சினிமா என்ற ஒன்றை ஆரம்ப நாட்களில் பார்த்ததும் இங்கேதான்.

அதனால் நான் ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வது எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்து, 1933-ல் இருபத்தேழே வயதில் போய்விட்ட செங்கோட்டைக்காரர். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் பாடிக் கேட்கவைத்த குரல். அவரோடு மேடையில் ஜோடியாக நடித்த கே.பி. சுந்தராம்பாளையும் சேர்த்து வைத்தால் ஒரு மாலைக்குத் தாராளமாகப் போதும். ஹார்மோனியம், மிருதங்கம், ஒரு ஜால்ரா, இரண்டு மூன்று பாடகர்கள், முடிந்தால் ஒரு வயலின். உயரமான கூரை உள்ள பழைய ஹாலுக்கு இந்த அளவு வாத்தியம் கச்சிதம். நாடகத்தில் பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டியவர் என்று பேர் வாங்கிய பம்மலாரின் மேடையில் கிட்டப்பா பாட்டா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும், தொகுப்புரைக்கு நல்ல விஷயம் கிடைத்தது.

தேதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கிட்டப்பாவின் நினைவு நாள் டிசம்பர் 2. அன்று வைக்கத் தோன்றும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மார்கழி சீசனும் நெருங்கிவிடும். நல்ல மிருதங்கக்காரர் கிடைப்பதே கஷ்டம், மழை பிடித்துவிட்டால் சென்ட்ரல் பக்கம் ஆட்கள் வருவது அதைவிடக் கஷ்டம். பிறந்த நாளான ஆகஸ்ட் 25-ஐ ஒட்டிய சனிக்கிழமையே என் தேர்வு.

அனுமதிகள்

ஹாலைத் தருவது மாநகராட்சி. வாடகை, காப்புத்தொகை, எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முக்கியமாக, எத்தனை பேரை உட்காரவைக்கலாம் என்பதை. இந்த அரங்கத்தில் ஒரு தளத்துக்கு 600 பேர் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். அதை நம்பி டிக்கெட் அடிக்கக் கூடாது. இன்றைய அனுமதி எத்தனை நாற்காலிக்கு என்பதுதான் கணக்கு.

சரகக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஒலிபெருக்கிக்கும் வண்டி நிறுத்தவும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு மூடிய அரங்கத்துக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் மெட்ரோவையும் மின்சார ரயிலையும் நம்பி வருகிறவர்கள்.

டிக்கெட் வைத்தால், தலைக்கு 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி அனுமதிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. முதல்முறை நடத்துபவர்கள் அந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கேளிக்கை வரி உண்டா என்பதை மாநகராட்சி வருவாய்த் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாட்டின் உரிமை

அஞ்சலிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று பலரும் நினைக்கிற இடம் இது. கேட்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை அவருடைய படைப்புக்கு உரிமை உண்டு. பாடல் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுதியவர், மெட்டமைத்தவர் இருவரும் மறைந்த ஆண்டைக் குறியுங்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார், ஆகவே அவருடைய நாடகப் பாடல்கள் எல்லோருக்கும் பொது. தியாகராஜர் கீர்த்தனைகளும் வள்ளலார் விருத்தங்களும் அப்படியே. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல், அவருடைய பாட்டுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. சினிமாப் பாட்டு என்றால் இன்னொரு சிக்கல். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே மறைந்துவிட்டதால் அவர் எழுதிய வரிகளுக்கு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் அதே பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் எம்.எஸ். விஸ்வநாதன் என்றால், அவர் மறைந்தது 2015-ல்தான். பாடல் வரிக்கு ஒரு கணக்கு, மெட்டுக்கு வேறு கணக்கு. உரிமை உள்ள பாட்டு ஒன்று இருந்தாலும் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமையைக் கவனிக்கிற ஐபிஆர்எஸ் அமைப்பிடம் விண்ணப்பித்து உரிமம் வாங்கிவிடுங்கள். கட்டணம் வாங்காத அமெச்சூர் மன்றங்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. பாடகருக்குச் சம்பளமும் ஸ்பான்சர் பேனரும் வைத்துக்கொண்டு அதற்குள் ஒதுங்கப் பார்க்காதீர்கள்.

கிட்டப்பா மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய லாபம் இங்கேதான். அவருடைய இசைத்தட்டுகள் வெளியாகி 60 ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது. பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமையும் முடிந்திருந்தால் பழைய தட்டின் பதிவையே அரங்கில் போடலாம்.

ஒலி: அதிகம் செலவு வேண்டாம், அதிகம் யோசியுங்கள்

சவுண்ட் சர்வீஸ்காரர் வந்ததும் இரண்டு பெரிய பெட்டிகளை மேடையின் இரு பக்கமும் வைத்து வால்யூமைத் தூக்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். சத்தம் சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி, பாடகரின் வார்த்தையையே தின்றுவிடும். சின்னப் பெட்டிகள் நான்கோ ஆறோ எடுத்து, ஹாலின் நீளத்துக்குப் பிரித்து, காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆட்களைப் பார்த்து லேசாகக் கீழே சாய்த்து வையுங்கள். ஒவ்வொன்றும் மெதுவாகப் பேசினால் போதும். எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துச் சரிசெய்கிற மிக்ஸர் மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கக் கூடாது, ரசிகர்கள் நடுவே இருக்க வேண்டும். இயக்குகிறவருக்கு அவர்கள் கேட்பதே கேட்க வேண்டும்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள், மேடையில் பாடகரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரைக் குறையுங்கள். கீச்சென்று ஃபீட்பேக் அடிப்பது பாதி நின்றுவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம்தான், அதாவது கனமான நாதம் தருகிற பெரிய முகம்தான், இந்த மாதிரி ஹாலில் தொல்லை, அந்த 'தொம்' அடங்கவே அடங்காது. வித்வானுக்குக் கீழே பலகைமேல் இரண்டு மடிப்பு கனமான ஜமுக்காளம் போட்டு, தொப்பி மைக்கில் பேஸைக் குறைத்துப் பாருங்கள். தேவையென்றால் அந்தப் பக்க மைக்கையே எடுத்துவிடலாம். காதில் வித்தியாசம் உடனே தெரியும்.

பாடகரிடம் ஒன்று பேசிவையுங்கள். கிட்டப்பா மேல் ஸ்தாயியில் சஞ்சரித்தவர் என்பதற்காக இன்றைய பாடகரும் அதே கட்டையில், அதாவது அதே சுருதியில் கஷ்டப்பட வேண்டியதில்லை. அவருக்கு வசதியான கட்டையில் பாடட்டும். போலிக்குரல் அஞ்சலி ஆகாது, மிமிக்ரி ஆகிவிடும்.

சுவரைத் தொடாதீர்கள்

புதுப்பித்த பழைய கட்டடத்தில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். டேப் ஒட்டி உரித்தால் பூச்சும் கூடவே வரும். ஆணி, துளை, சுவரில் கயிறு எதுவும் கூடாது. பேனர், விளக்கு எல்லாம் தரையில் தானாக நிற்கும் ஸ்டாண்டில்தான். கனமான பெட்டியை மரத்தரையில் இழுக்காமல் தூக்கிவையுங்கள், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். வயர் போகும் பாதையையும் பாயால் மூடுங்கள், டேப்பால் அல்ல. எல்இடி விளக்கு மட்டும் போதும், புகை மெஷின் வேண்டவே வேண்டாம். விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி லைன் கேளுங்கள். ஒரே லைனில் போட்டால் ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று ஒரு சத்தம் நிகழ்ச்சி முழுக்கக் கூடவே பாடும்.

குத்துவிளக்கு? எண்ணெயும் திரியும் வைக்கலாமா என்று அரங்க நிர்வாகத்திடம் கேளுங்கள். மறுத்தால் வாதாடாமல் மின்விளக்குக்குப் போய்விடுங்கள். மரவேலை நிறைந்த இடம்.

சாமான் உள்ளே வருவதற்கு முன்பே சுவர், தரை, தூண், கதவு எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து அரங்கப் பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்கள் காப்புத்தொகையில் கை வைக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சி நிரல்

இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பாட்டுக்குமேல் வேண்டாம். தொகுப்புரை ஒரு பாட்டுக்கு ஒன்றரை நிமிடம். ஒரு தகவல், ஒரு சம்பவம், அவ்வளவு.

நம் ஊர் நிகழ்ச்சியைக் கொல்வது பொன்னாடை. எட்டுப் பேருக்குப் போர்த்தி, எட்டுப் பேரும் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நாற்பது நிமிடம் காலி. பத்து நிமிடத்தில் எல்லா மரியாதையையும் ஆரம்பத்திலேயே முடித்துவிட்டு, வாழ்த்துரை என்ற சொல்லையே அழைப்பிதழிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பான்சர் கோபித்துக்கொள்வார் என்றால் முதல் வரிசை நடுநாற்காலி கொடுங்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன். விளக்கைக் குறைத்து, மேடையில் யாரும் இல்லாமல், கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தக் காலத் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் ஓடும். ஊசியின் கரகரப்பை கம்ப்யூட்டரில் சுத்தம் செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தட்டு முடிந்ததும் அறிவிப்பில்லாமல், அதே சுருதியில் ஹார்மோனியக்காரர் அதே ராகத்தைத் தொட வேண்டும். விளக்கு மெதுவாக வரும்போது பாடகர் ஆரம்பித்திருக்க வேண்டும். தட்டின் சுருதி இன்றைய கட்டைகளுக்கு நடுவில் எங்காவது நிற்கும். அதனால் அந்தப் பதிவின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ, பாடகர் பாடப்போகும் கட்டைக்கு முன்கூட்டியே பொருத்திவிடுங்கள். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் தனியாக ஒத்திகை வேண்டும்.

அன்றைய நாள்

மதியம் இரண்டுக்கு ஒலி, விளக்கு ஆட்கள். நான்கு மணிக்கு வாத்தியக்காரர்கள், ஐந்தரை வரை சவுண்ட் செக். ஆறு மணிக்குக் கதவு. கைத்தடியோடு வருகிற பெரியவர்கள் இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு நிறைய வருவார்கள். படி எங்கே, லிஃப்ட் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்ட இரண்டு இளவட்டங்களை வாசலிலேயே நிறுத்துங்கள். அழைப்பிதழில் மெட்ரோ நிலையத்தின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காபி, போண்டா எல்லாம் வெளியே. எண்ணெய்க் கையோடு யாரும் உள்ளே போகக் கூடாது.

முடிந்த பிறகு சாமானை எல்லாம் ஏற்றி, குப்பையைக் கூட்டி, காலையில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பாளருடன் ஒரு சுற்று வாருங்கள். சேதம் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளை அங்கேயே வாங்கிவிடுங்கள். காப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தோடு திங்கட்கிழமை அதை இணைக்க வேண்டியிருக்கும்.