கடலோர மாடியில் ரோஜா

புதுச்சேரியில் ரோஜா வளர்ப்பவருக்கு வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை அடைமழையே பெரிய சோதனை என்பதால், 12 அங்குலத் தொட்டியின் துளைமேல் ஓட்டுச் சில்லுகளை வைத்து, செம்மண், மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். மழை ஓய்ந்தபின், மார்கழிக் கடைசியில், காய்ந்த கிளைகளை நீக்கிவிட்டு, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாகக் கவாத்து செய்து, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பான போர்டோ பசையைத் தடவலாம்.

ரோஜா ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கொழுகொழுவெனக் கிளம்பும் தளிரைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அது, ரோஜாவை ஒட்டுக்கட்டப் பயன்பட்ட அடிச்செடியான வேர்ச்செடியின் போத்து (பக்கத்தளிர்), அடியோடு பிய்த்துவிட வேண்டும். அதைச் செழிக்கவிட்டுத்தான் நான் ஒரு மஞ்சள் ரோஜாவை இழந்தேன்.

சேகரிக்கத் தொடங்குவோருக்குப் பன்னீர் ரோஜாவே ஏற்றது. பென்சில் பருமனுள்ள 6 முதல் 8 அங்குலக் குச்சியிலேயே அது வேர்விடும் என்பதால், அண்டை வீட்டில் கேட்டாலே போதும்.